நாற்றம் நின்றால் ஓடு

உலக மக்கள் அனைவரும், குறிப்பாக எங்கேயோ பனிமலை உருகுகிறதே என்று தூக்கம் கெட்டிருப்பவர்கள், ஆறுதல் கொள்ளலாம். ஆவணி மாதத்து வளர்பிறையில், ராகு காலம் கழிந்த நல்ல வேளையில், ஆம்பூர் புறவழிச்சாலை ஓரம் ஒரு ஷூ கம்பெனியின் லோடிங் யார்டில், பூமியைக் காப்பாற்றும் பணி முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. ஷாமியானா போட்டிருந்தார்கள். வந்தவர்களுக்குப் பிரியாணியும் பூமிக்கு ஒரு மரக்கன்றும் ஏற்பாடாகியிருந்தன. மரக்கன்றை ஆடு மேய்ந்துவிட்டது. பிரியாணி கடைசிப் பந்திக்குப் போதவில்லை. மற்றபடி விழா சிறப்பு.

விஷயம் இவ்வளவுதான். இந்தக் கம்பெனியில் தைக்கும் ஷூக்கள் ஜெர்மனிக்குப் போகின்றன. அங்கே வாங்குகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு கவலை வரும். ஒரு வருஷம் தோல் கழிவு கலக்கும் பாலாற்றைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். கம்பெனி வாசலில் நீல நிறத்தில் ஒரு பலகை வைத்தது, கவலை தீர்ந்தது. இந்த வருஷம் புகை. ஒரு ஜோடி ஷூ, ஆம்பூரில் லாரி ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்குள் எவ்வளவு புகை விடுகிறது என்று கேட்டிருந்தார்கள். ஷூ புகை விடாது, லாரிதான் விடும் என்று பதில் சொல்லியிருக்கலாம். கம்பெனி அதற்குப் பதிலாகப் பிரேம்நாத்தை வேலைக்கு எடுத்தது.

பிரேம்நாத்தின் பதவிப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல டிரைவர்களுக்கு வரவில்லை. ‘புகை சார்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். புகை சார் வகுத்த திட்டம் எளிமையானது. இரண்டு லாரிகள். இரண்டிலும் ஒரே அளவு ஷூ. ஒன்று, கம்பெனிக்குக் காலகாலமாக லோடு அடிக்கும் ஜியாவுல்லா பாயின் டீசல் லாரி. மற்றது, ஒரு லாரித் தயாரிப்பாளரிடமிருந்து பரிசோதனைக்காக வந்திருக்கும் ஹைட்ரஜன் லாரி. இரண்டும் ஒரே நாளில் ஒரே ரோட்டில் துறைமுகம் போய்த் திரும்ப வேண்டும். எது மேல் என்று ஒப்பிட்டு ஜெர்மனிக்குச் சொல்ல வேண்டும். எது மேல் என்பது முன்பே முடிவாகிவிட்டதால் ஒப்பிடுவது சுலபமாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

“நண்பர்களே!” என்றார் பிரேம்நாத், மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு. “டீசல் என்பது நேற்று. ஹைட்ரஜன் என்பது நாளை!”

“இன்னிக்கு இன்னா சார்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஒடுகத்தூர் துரைசாமியின் குரல். டீசல் லாரியை ஓட்டப்போகிறவன் அவன்.

கை தட்டுவதற்காகத் தையல் பிரிவிலிருந்து கூட்டிவந்து நிறுத்தியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பிரேம்நாத் சிரிப்பை வரவேற்பாக எடுத்துக்கொண்டு விளக்கினார். கேபினுக்குப் பின்னால் பீரோ மாதிரி நிற்கிறதே, அது சிலிண்டர் அடுக்கு. அதில் அழுத்தி அடைத்த ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்து கரண்டாகும். கரண்டில் சக்கரம் சுற்றும். பின்னால் புகைக்குப் பதிலாகத் தண்ணீர் சொட்டும். சொன்னதோடு நிற்காமல், வண்டியை ஓடவிட்டு, குழாயடியில் ஒரு கண்ணாடித் தம்ளரைப் பிடித்து, சேர்ந்ததைக் கடகடவென்று குடித்தும் காட்டினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் விழுகிறாரா என்று பார்த்தது. அவர் விழவில்லை.

“உப்பு இல்லியா சார்?” என்று கேட்டாள் வஹீதா. ஷூவின் மேல்தோலான அப்பரைத் தைக்கும் வரிசையில் இருப்பவள்.

“சுத்தமான தண்ணீர் அம்மா!”

“அப்ப தெனம் இங்கியே நிறுத்துங்க சார், கேன் எடுத்தார்றோம்.” ஆம்பூரில் நல்ல தண்ணீர் கேனில்தான் வரும். உலகத்தைக் காப்பாற்றும் லாரியிடம் ஆம்பூர் கேட்டது அது ஒன்றைத்தான். அதுவும் விழாக் குறிப்பில் ஏறவில்லை.

அதன் பிறகு பிரேம்நாத் உச்சத்துக்குப் போனார். “புகை இல்லை! சத்தம் இல்லை! முக்கியமாக, வாசனை இல்லை! கசிந்தால்கூட உங்களுக்கு ஒரு துளி நாற்றம் தெரியாது!”

கைதட்டல் வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்த வரிசை அப்படியே அடங்கிவிட்டது. ‘பேக்டரியில் வேலை செய்கிறவர்கள், கொஞ்சம் கூச்சம்’ என்று ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அம்மாளிடம் பிரேம்நாத் ஆங்கிலத்தில் சமாளித்தார்.

அது கூச்சமில்லை. தோல் ஊரில் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தராத பாடம் ஒன்று உண்டு. தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத்தொட்டியில் இறங்கினால் முட்டை அழுகின நாற்றம் அடிக்கும். அடிக்கிற வரைக்கும் பயமில்லை. திடீரென்று நாற்றம் நின்றுபோகும். காஸ் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது, போனது மூக்கு. அடுத்தது ஆள். அதனால் தொட்டியில் இறங்குகிறவனுக்கு மேலே நிற்கிறவன் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: நாத்தம் நின்னா ஓடு.

“ஹைட்ரஜன் லாரியை ஓட்டப்போகும் நமது பெருமைக்குரிய டிரைவர், திரு. கன்னியப்பன்!”

பாயின் டிரைவர்களில் விபத்து இல்லாதவர், குடிக்காதவர், படத்துக்கு எடுப்பான மீசை உள்ளவர் என்று பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். மாலையைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்ட கன்னியப்பன், தையல் பெண்களின் வரிசையைப் பார்க்காமலிருக்கப் படாதபாடு பட்டார். அந்த வரிசையில், வஹீதாவுக்குப் பக்கத்தில், கை தட்டுவதற்காக உயர்த்திய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தாள் அவர் பெண்டாட்டி அம்பிகா. அவளிடம் அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

சாயந்திரம் இடி இடித்துப் பெயருக்குப் பெய்துவிட்டுப் போன மழை, புழுக்கத்தைத்தான் கூட்டியது. அம்பிகா களி கிண்டினாள். துடுப்பைப் பிடித்த பிடியில், பானையின் மேல் அவளுக்கு ஏதோ பகை இருப்பது போலிருந்தது. கன்னியப்பன் தட்டின் முன்னால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். வஹீதா கொடுத்தனுப்பிய தால்சா ஒரு கிண்ணத்தில் இருந்தது.

“எப்ப சொன்னாங்க உன்னாண்ட?”

“போன வாரம்மே.”

“போன வாரம். தாலி கட்டிக்கினவ நானு. மாலையோட பாத்துத் தெரிஞ்சுக்கணும்.” களி உருண்டை தட்டில் விழுந்து நின்றது. “மதிக்கும் இப்டித்தான் மாலை போட்டாங்க. அவன் பாக்கல.”

மதியழகன் அம்பிகாவின் தம்பி. சில வருஷங்களுக்கு முன்னால், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு தோல் ஷாப்பில், அடைத்துக்கொண்ட தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினான். அன்றைக்கு அங்கே தோல் லோடு இறக்க லாரியோடு போயிருந்த கன்னியப்பன் தொட்டி விளிம்பில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘மாமா, இப்ப நாத்தமே இல்ல, பர்வால்ல’ என்றான் மதியழகன் உள்ளேயிருந்து. அதற்கப்புறம் அவன் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருத்தர் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். அதில் முதல் பாதிதான் அம்பிகாவுக்குப் பிடிபட்டது. ஹைட்ரஜன்.

“மா, அது வேற மா,” என்றாள் சௌமியா. மகள். வாணியம்பாடிக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிப்பவள். “மாமாவுக்கு ஆனது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ரெண்டு ஹைட்ரஜன், ஒரு கந்தகம் சேர்ந்தது. அதுல ஆளைக் கொல்றது…”

“இரு. அதுல ஹைட்ரஜன் கீதா இல்லியா?”

“இருக்குது.”

“எத்தினி?”

“ரெண்டு.”

“கந்தகம்?”

“ஒண்ணு.”

“ரெண்டு பேரு சேந்து அடிச்சிருக்கான், நீ ஒருத்தன் மேல கேஸு போடுற. நல்லாப் படிக்கிறடி.”

“ஐயோ, மா! தண்ணியிலயும்தான் ரெண்டு ஹைட்ரஜன் இருக்குது. தண்ணி கொல்லுதா?”

“எந்தத் தண்ணி? பாலாத்துத் தண்ணியா?”

பல்கலைக்கழகம் இந்தக் கேள்வியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை.

“முடியாதுன்னு சொல்லேன்யா,” என்றாள் அம்பிகா. குரல் இறங்கிவிட்டிருந்தது.

“சொன்னா? பாய்கிட்ட கம்பெனி லோடுதான் கீது. இந்த ஆளு முடியாதுன்னான்னு பாயை மாத்திட்டா, எத்தினி டிரைவர் குடும்பம்மே? புகை சாரு சிரிச்சினேதான் சொல்றாரு. சிரிச்சினே சொல்றவன்கிட்ட முடியாதுன்னு எப்டி சொல்றது?”

அவர் தால்சாவைத் தொடவேயில்லை. அதை அவள் பார்த்தாள். அவருக்கும் பயம் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. தைரியமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

மறுநாள் ஜியாவுல்லா பாயின் லாரி செட்டுக்கு எதிரிலுள்ள டீக்கடையில், பிரேம்நாத் செய்ய வேண்டிய ஒப்பீட்டைப் பாயும் துரைசாமியும் செலவில்லாமல் செய்து முடித்தார்கள்.

“டீசல் எங்க கெடைக்கும்? எங்கயும் கெடைக்கும்,” என்றார் பாய். “பங்க் இல்லாத ஊர்லகூட எவனாவது கேன்ல வெச்சிருப்பான். இதுக்குப் பெங்களூர்லேர்ந்து மெட்ராஸ் வரைக்கும் இந்த ரோட்ல ஒரு பங்க் காட்டு.”

“அப்ப இதுக்குக் காஸு எங்கேர்ந்து வரும் பாய்?”

“கேட்டேனே. ‘அது லாஜிஸ்டிக்ஸ், வந்துரும்’ன்றாரு.”

“டீசல்னா கீழ கொட்டுனா கீழயே கெடக்கும். தெரியும், நாறும், வழுக்கும். ஒரு மரியாதை கீது,” என்றான் துரைசாமி. “இது ஒழுகுனா மேல பூடுமாம். கண்ணுக்கும் தெரியாது. பத்திக்கிச்சுன்னா நெருப்புகூட வெயில்ல தெரியாதாம்.”

“மேல பூட்டா நல்லதுதானேடா?”

“நல்லதுதான் பாய். நாமளும்கூட போவாம இருந்தா.”

“வாய்ல நல்ல வார்த்தை வருதா பாரு. ஆனா வண்டி சோக்கா இழுக்குதுப்பா, அதையும் சொல்லணும். ஏத்தத்துல முக்காது. சத்தம் கெடையாது. நம்ம டீசல் வண்டி ஓட்டிக் காது போனவன் எத்தினி பேரு, நுரையீரல் போனவன் எத்தினி பேரு. அதை எவன் கணக்குல சேக்கிறான்?” பாய் டீயை ஆற்றினார். “இன்னா கன்னியப்பா, பேசாத கீற?”

“கேபின்ல ஏசி பாய்,” என்றார் கன்னியப்பன். “கண்ணாடி எறக்கக் கூடாதாம். ஓட்டிப் பாத்தேன். எதுவும் நாறல. நம்ம வண்டியில டீசல் வாசனை வர்லேன்னா வண்டி நிக்குதுன்னு அர்த்தம். அதுல ஒண்ணுமே வர்ல பாய். ஒண்ணுமே.”

பாய் அவருக்கு இன்னொரு டீ சொன்னார்.

பூஜை விஷயத்திலும் தகராறு வந்தது. கற்பூரம் காட்டாத வண்டியில் கன்னியப்பன் ஏறியதில்லை. ஹைட்ரஜன் லாரிக்குப் பக்கத்தில் தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது என்று விதி. பிரேம்நாத் இரவெல்லாம் யோசித்து, இரு தரப்பும் மதிக்கும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் விளக்கு ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். அதைத் தட்டில் வைத்து லாரிக்குச் சுற்றினார்கள். கன்னியப்பன் பழக்கதோஷத்தில் அதன் மேல் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சூடு இல்லை. அதிலும் ஒன்றும் வரவில்லை.

அம்பிகாவுக்கு மிஷினில் தையல் ஓடவில்லை. தோலின் ஓரத்தை விட்டு ஊசி விலகி விலகிப் போயிற்று.

“மூக்கு உயிரோட கீதா, செத்துப்போச்சான்னு எப்டிக்கா தெரிஞ்சிக்கிறது?” என்றாள் வஹீதா, டீ இடைவேளையில். “அதான மேட்டரு?”

“அதாண்டி.”

“அப்ப நாறுறதா எதுனா ஒண்ணு கேபின்ல வெச்சுக்கச் சொல்லு. அது நாறுற வரைக்கும் மூக்கு வேலை செய்யுது. நின்னா எறங்கிடணும்.”

“இன்னாத்த வெக்கிறது?”

“உங்க ஊட்டு நெத்திலிக் கருவாடு. நீ வறுத்தா ரெண்டு தெரு தாண்டி எங்க ஊட்டுல வந்து குந்திக்கினு நவுர மாட்டேங்குது.”

அம்பிகா பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். அறிவியல் வரலாற்றில் இடம்பெற வேண்டிய இந்தக் கண்டுபிடிப்பு, சூப்பர்வைசர் ‘போதும் போதும், ஏந்திருங்க’ என்று விரட்டியதோடு முடிந்தது.

பரிசோதனை நாளன்று காலை, பேட்டரி விளக்கைப் பார்த்து எல்லோரும் கைகூப்பிக்கொண்டிருந்தபோது, பழைய தாவணித் துணியில் முடிந்த நெத்திலியைக் கன்னியப்பன் கேபின் கண்ணாடிக்குக் கீழே கட்டினார். எலுமிச்சம்பழம் கட்டுகிற இடம் அது, யாரும் கேட்கவில்லை. வண்டியின் ஸ்பீக்கரில் அவர் போனை இணைத்து வைத்திருந்தது பிரேம்நாத்தான், நவீனத்தைக் காட்டுவதற்காக. கையை எடுக்காமல் பேசலாம். அம்பிகா தன் போனை மிஷினுக்கடியில், சோற்றுப் பையில் ஒளித்து வைத்தாள். முன்னால் டீசல் லாரி புகையோடு கிளம்பியது. பின்னால் ஹைட்ரஜன் லாரி. அதற்கும் பின்னால் ஒரு காரில் பிரேம்நாத்தும் ஜெர்மனி அம்மாளும்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் முதல் போன்.

“கருவாடு?” என்றாள் அம்பிகா, குனிந்து.

“நாறுது.”

வேலூர் தாண்டி இரண்டாவது.

“நாறுதா?”

“நாறுதாவா? கண்ணு எரியுதுமே. கண்ணாடி வேற எறக்கக் கூடாதுன்றான்.”

“நல்லது. நாறட்டும்.”

வாலாஜா தாண்டியதும் மூன்றாவது. “கொஞ்சம் கம்மியா கீறா மாதிரி கீது.”

“காத்துல காஞ்சிருக்கும்யா. அசக்கிவுடு.”

அசக்கிவிட்டார். அம்பிகா ஷூவின் நாக்கைத் தலைகீழாகத் தைத்தாள். பிரித்தாள். திரும்பவும் தலைகீழாகத் தைத்தாள். வஹீதா அதை வாங்கித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.

நாலாவது போன் வந்தபோது அவர் உடனே பேசவில்லை.

“யோவ். சொல்லுய்யா.”

“அம்பிகா. கருவாடு கண்ணுக்கெதிர்லதான் தொங்குது. வாசனை வர்ல.”

“நல்லா மோந்து பாரு.”

“மோந்துட்டேன். மூக்குல வெச்சே மோந்துட்டேன். அட்டையாட்டம் கீது. ஒண்ணும் வர்ல.” அவர் குரலில் ஓர் இழுப்பு. “மதி இப்டித்தான சொன்னான். நாத்தமே இல்லன்னு…”

“எறங்கு!” அம்பிகா எழுந்து நின்று கத்தினாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. “வண்டியை நிறுத்திட்டு எறங்கி ஓடுய்யா! ஓடு!”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு திறந்திருப்பதாக லாரி மென்மையாக ஒலித்து நினைவூட்டும் சத்தம். டிக், டிக் என்று சைட் விளக்கு. ஏசி காற்று. வேறு ஒன்றுமில்லை. போன் கட்டாகவில்லை. ஆளில்லாத கேபினின் சத்தத்தை அவள் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாப் பெண்களும் அவளையே பார்த்தார்கள். திட்டுவதற்காக வந்த சூப்பர்வைசரும் நின்றுவிட்டார்.

“யோவ்,” என்றாள் மெதுவாக. “சௌமியா அப்பா. பேசுய்யா.”

டிக். டிக். அப்புறம் யாரோ ஓர் ஆணின் அலறல், இங்கிலீஷில் ஒரு பெண்ணின் குரல், அத்தோடு எல்லாம் நின்றது. திரும்ப அடித்தாள். எடுப்பாரில்லை. செருப்பில்லாமல் கேட்டைத் தாண்டிப் பைபாஸுக்கு ஓடிவந்தவளை வஹீதா பின்னாலேயே ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். சென்னைப் பக்கம் போகிற பஸ் எதற்கெல்லாமோ கை காட்டினார்கள். ஒன்றும் நிற்கவில்லை. தோல் நாற்றம் எப்போதும்போலக் காற்றில் இருந்தது. அம்பிகா அதைத் திரும்பத் திரும்ப இழுத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

துரைசாமியின் போன் வந்தபோது அவள் எடுக்கவில்லை. வஹீதா பிடுங்கி எடுத்தாள்.

“அண்ணி? அண்ணிகிட்ட குடும்மா. அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. ஒரு வேர்க்கடலைக் கொல்லையில வரப்பு மேல குந்தினு கீறாரு. பேச்சு வர்ல. மூச்சு வருது. ரெண்டும் வேணும்னா கொஞ்சம் டைம் குடுங்க.”

அம்பிகா சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இது. காவேரிப்பாக்கம் தாண்டி லாரியை ஓரங்கட்டிவிட்டு, எக்ஸ்போர்ட் ஷூக்களையும் எதிர்காலத்தையும் ரோட்டிலேயே விட்டுவிட்டுக் கொல்லைக்குள் ஓடினார் கன்னியப்பன். பின்னால் வந்த காரிலிருந்து பிரேம்நாத் இறங்கினார். டிரைவர் ஓடுவதைப் பார்த்தார். கேபினை எட்டிப்பார்த்தார். ஆம்பூரிலிருந்து அதுவரை கண்ணாடி இறக்காத கேபினுக்குள் ஊறித் திரண்டிருந்த நெத்திலி அவரை முகத்தில் அறைந்தது. ஹைட்ரஜனுக்கு நாற்றமே கிடையாது என்று மைக்கில் சொன்னவர் அவர்தான். ஆனால் மைக்குக்கு முன்னால் நிற்பது வேறு, மூக்குக்கு முன்னால் வருவது வேறு. “லீக்! லீக்!” என்று அலறிக்கொண்டு அவரும் அதே கொல்லைக்குள் ஓடினார். ஓட்டத்தில் கன்னியப்பனைத் தாண்டிவிட்டார் என்று, முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கிவந்த துரைசாமி பிற்பாடு சொன்னான்.

ஆக, நாறவில்லை என்று ஒருவரும், நாறுகிறது என்று ஒருவரும், ஒரே வண்டியிலிருந்து ஒரே திசையில் ஓடினார்கள். ஜெர்மனி அம்மாள் மட்டும் குடை பிடித்துக்கொண்டு காரிலேயே சாய்ந்து நின்றிருந்தார். கொல்லைக்காரர் செடி மிதிபட்டதற்கு இரண்டு பேரையும் ஒரே கெட்ட வார்த்தையில் சமமாகத் திட்டினார். தீயணைப்பு வண்டி வந்தது, டீசலில். தலைக்கவசம் போட்ட ஒருவர் நீளக் கம்பியால் தாவணி மூட்டையை வெளியே எடுத்து ரோட்டில் வைத்தார். எல்லோரும் தூர நின்று ஆராய்வதற்குள் அதை ஒரு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஹைட்ரஜன் லாரியில் ஒரு கசிவும் இல்லை. துரைசாமி தன் வண்டியைக் கிளீனரிடம் காவல் விட்டுவிட்டு, ஹைட்ரஜன் லாரியைத் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டான். டீசல் லாரி, அவன் திரும்பிவந்து எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தது. எனவே ஹைட்ரஜன் வென்றதாக அறிவிக்கப்பட்டது.

தாமதத்துக்குக் காரணம் ‘உள்ளூர் உணவுப் பழக்கம்’ என்று பிரேம்நாத் கூட்டத்தில் விளக்கினார். டிரைவரை மாற்றும்படி பாயிடம் சொன்னார், சிரித்துக்கொண்டே.

கன்னியப்பன் வீட்டில் உட்கார்ந்தார். தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் “அண்ணா, இன்னிக்கு இன்னா கொழம்பு?” என்று விசாரித்தான். அதற்குக்கூட அவர் கோபப்படவில்லை. அம்பிகா பார்க்காத நேரத்தில் சோப்பை எடுத்து முகர்ந்து பார்ப்பார். விபூதியை முகர்வார். ஆட்டுரல் ஓரத்தில் நசுங்கிக் கிடந்த பூண்டை எடுத்து முகர்ந்து, வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத்தான் கை வைப்பார்.

“ப்பா, மூக்குக்குப் பழகிட்டா எந்த வாசனையும் தெரியாது. கருவாடும் அப்டித்தான் ஆச்சு. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல,” என்றாள் சௌமியா.

“மதிக்கும் பழகித்தான் போச்சு,” என்றார் கன்னியப்பன்.

அதற்கு மேல் அம்பிகாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாயின் செட்டுக்குப் போனாள். பாய் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“பாய், தப்பு என்னுது. கருவாட்டைக் கட்டிக் குடுத்தது நானு. அவரை வேலைக்குக் கூப்டுக்கங்க. ஆனா அந்த வண்டி வேணாம்.”

“அந்த வண்டி துரைசாமி ஓட்றான் தங்கச்சி. கண்ணாடிய எறக்கி வுட்டுகினு பாட்டு பாடினு போறான். ஒண்ணும் ஆவல.”

“அவன் தொட்டியாண்ட நிக்கல பாய். இவரு நின்னாரு.”

பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

“டீசல் வண்டின்னா ஓட்டுவானா?”

“கண்ணை மூடினு ஓட்டுவாரு.”

“கண்ணைத் தொறந்துகினே ஓட்டட்டும். புதுசா ஒரு லாரி எடுக்கிறேன். கம்பெனி கான்ட்ராக்டுதான், அந்தப் பிரேம்நாத்தே குடுத்தது. நீள வண்டி. பொறுமையா ஓட்ற ஆளு வேணும். ஓடி ஒளியறவனா இருந்தாலும் பயந்து ஓட்றவன்தான் இதுக்கு லாயக்கு.”

“டீசல்தான பாய்?”

“டீசல்தாம்மா.”

“உள்ள ஏதும் வேற மிஷினு…”

“அல்லா மேல சத்தியம். சுத்தமான டீசல் இன்ஜின். புகை வரும், சத்தம் வரும், ஊரே நாறும். போதுமா?”

அம்பிகா கையெடுத்துக் கும்பிட்டாள்.

புது லாரியின் முன்பக்கம் மட்டும் முதலில் செட்டுக்கு வந்தது, சுமை ஏற்றும் பின்பக்கத்தைப் பிறகு மாட்டுவார்களாம். நிஜக் கற்பூரம் கொளுத்தினாள். நிஜச் சூடு. பூசணிக்காயைக் கன்னியப்பன் ஓங்கி உடைத்தார். இன்ஜினைக் கிளப்பியதும் கரும்புகை பொங்கி அத்தனை பேர் முகத்திலும் அடித்தது. கன்னியப்பன் தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அம்பிகா இருமிக்கொண்டே சிரித்தாள். அன்றைக்கு வீட்டில் கறி எடுத்தார்கள். அவர் முகராமல் சாப்பிட்டார். அம்பிகா வெகு நாளைக்கப்புறம் அசந்து தூங்கினாள்.

கன்னியப்பன் இப்போது டீசல் லாரிதான் ஓட்டுகிறார். துரைசாமியின் வண்டிக்கு வேண்டிய ஹைட்ரஜனைச் சென்னைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆம்பூருக்கு ஏற்றிக்கொண்டு வருவது அந்த லாரிதான்.